நர்சரிக் காகிதப்பூவிலிருந்து ஒரு போன்சாய்: வேலூர் வெயிலுக்கு ஏற்ற முறை

காகிதப்பூச் செடி வாங்க நர்சரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அன்று பூத்து நிற்கும் செடியையே கை காட்டுகிறார்கள். அதைப் போன்சாயாக, அதாவது தட்டில் நிற்கும் குறுமரமாக, வளர்க்க நினைப்பவர் பூவை மறந்துவிட்டுக் குனிந்து அடிமரத்தைப் பார்க்க வேண்டும். நலமாக வளரும் எந்தக் காகிதப்பூவும் என்றாவது பூத்துவிடும். ஆனால் பென்சில் பருமனுள்ள தண்டு ஒரு சிறு தொட்டிக்குள்ளேயே இருந்து மணிக்கட்டுப் பருமனை எட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். மரத்துக்கு வயதான தோற்றத்தைத் தருவது அடிமரமும் அதைச் சுற்றி மண்மேல் படர்ந்து தெரியும் வேர்களுந்தான் என்பதால், அவை இரண்டும் வாங்கும் நாளிலேயே ஓரளவு அமைந்திருக்க வேண்டும்.

பூக்கும் புதர்ச்செடிகளில் காகிதப்பூவை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஊர் வெயில். பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சோன் 1767ஆம் ஆண்டு பிரேசிலில் கண்டு பதிவுசெய்த இந்தச் செடி, வேலூரைப் போல ஆண்டில் பல மாதங்கள் வறண்டு காயும் நிலத்தில் சொந்த வீட்டில் இருப்பது போல வளர்கிறது. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் யாரும் சீராட்டாமலே அது பூத்துக் குலுங்குவதைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ பேருந்தில் போகும்போது பார்க்கலாம். நாம் பூ என்று சொல்லும் நிறமுள்ள மூன்று ஏடுகளும் உண்மையில் பூவடிச் செதில்கள். அவற்றின் நடுவே குழல்போல் நிற்கும் சிறிய வெண்ணிறப் பகுதியே பூ. செம்பருத்தியிலும் போன்சாய் செய்கிறார்கள். ஆனால் மரத்தை எவ்வளவு குறுக்கினாலும் பூவின் அளவு குறையாது என்பதால், ஓரடி உயர மரத்தில் உள்ளங்கை அகலப் பூ பொருந்தாமல் நிற்கும். இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் நல்லவை, ஆனால் மெதுவாகப் பருப்பவை.

நான் முதலில் வாங்கிய செடி இறந்துபோனது. சித்திரை மாதத்தில் ஒரே நாளில் மேலே வெட்டி, வேரைக் கழுவிப் பாதியாகக் குறைத்து, ஆழமில்லாத தட்டில் நட்டு, மொட்டை மாடியில் வைத்தேன். நான்காவது நாள் பட்டை சுருங்கத் தொடங்கியது. கைதேர்ந்தவர்கள் இவையனைத்தையும் ஒரே அமர்வில் செய்து செடியைப் பிழைக்கவைப்பதுண்டு. அவர்களுக்குப் பசுமைக்குடிலும் நிழல்வலையும் நாள் முழுதும் கவனமும் இருக்கின்றன. வீட்டு மாடியில் வளர்ப்பவருக்கு நான் சொல்லும் முறை, ஒரு பருவத்துக்கு ஒரு காயம் மட்டும் என்பது. தையில் மேல்பகுதியை வெட்டினால் ஆடிவரை வேரைத் தொடக் கூடாது; ஆடியில் வேரைக் குறைத்தால் அடுத்த தைவரை கம்பி கட்டக் கூடாது. இந்த இடைவெளியில் செடி தன்னைத் தேற்றிக்கொள்ளும் அளவுக்கு வேறெந்த உரத்தாலும் அதைத் தேற்ற முடியாது.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இராணிப்பேட்டை போகும் வழியிலும் உள்ள சாலையோர நர்சரிகளில் பூச்செடிகள் முன்வரிசையில் இருக்கும். நமக்கு வேண்டியது பின்வரிசையில், பல மாதங்களாக விற்காமல் கருப்புப் பையிலேயே முற்றிக் கிடக்கும் செடி. நர்சரிக்காரரிடம் "அண்ணே, பழைய செடி, அடி பருத்தது இருந்தாப் போதும், பூ வேண்டாம்" என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார். விலையும் முன்வரிசைச் செடியைவிடக் குறைவாக அமைவதுண்டு.

பையின் மேல்மண்ணை விரலால் இரண்டு அங்குலம் விலக்கிப் பாருங்கள். நர்சரியில் பை மாற்றும்போது செம்மண்ணை மேலே மேலே போட்டு நிரப்புவதால், மரத்தின் உண்மையான அடி பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். அங்கே தண்டு அகன்று பல திசைகளில் வேர் பிரிந்தால் அது நல்ல செடி. ஒரே பக்கத்தில் மட்டும் தடித்த வேர் இருந்தாலோ, வேர் தண்டையே சுற்றி நெரித்திருந்தாலோ விட்டுவிடலாம். அடி பருத்து மேலே போகப்போகச் சிறுத்து வருவதும், தண்டு ஓரிடத்திலாவது வளைந்து திரும்புவதும் கூடுதல் சிறப்பு. கட்டைவிரல் பருமனுக்குக் குறைந்த தண்டை வாங்க வேண்டாம்.

ஒட்டுக் கட்டிய செடியையும் தவிர்க்க வேண்டும். ஒரே செடியில் இரண்டு மூன்று நிறங்களில் பூக்கும் காகிதப்பூ பார்க்க அழகுதான். ஆனால் ஒட்டு விழுந்த இடம் முடிச்சுப்போல் புடைத்து, மரம் எவ்வளவு வயதானாலும் அப்படியே தெரியும். போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு வளர்த்த, சிறிய இலையும் நெருங்கிய கணுக்களும் உள்ள வகையே ஏற்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெடுநாள் ஒரே இடத்தில் இருந்த பையின் அடியைக் கிழித்துக்கொண்டு ஒரு தடித்த வேர் நர்சரித் தரைக்குள் இறங்கியிருக்கும். செடியைத் தூக்கும்போது அந்த வேர் அறுந்துவிடும். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே இலை வாடி உதிர்வதற்கு இதுவே காரணம். ஆகவே எந்தச் செடியை வாங்கினாலும் மூன்று வாரம் அரைநிழலில் வைத்து, புதுத் துளிர் வரும்வரை காத்திருந்து, அதன் பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

தையில் தலை வெட்டு

வேலூரில் மேல்பகுதியை வெட்டப் பொங்கலுக்குப் பிந்தைய நாட்கள் பொருத்தமானவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காலைக் குளிர் குறையத் தொடங்கியிருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. வெட்டுப்பட்ட செடி மாசியிலும் பங்குனியிலும் வேகமாகத் துளிர்த்து, கோடை உச்சத்துக்குள் தன் இலைகளை விரித்துவிடும்.

வெட்டும் முன் செடியை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வேர் நன்றாக விரிந்து தெரியும், அடிமரம் அகலமாகத் தெரியும் பக்கமே முன்பக்கம். முடிவில் மரம் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதற்கு வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு, அடிமரத்தின் குறுக்களவைப் போல ஆறு மடங்கு. 4 செ.மீ. பருமனுள்ள அடிமரத்துக்கு 24 செ.மீ. உயரம். ஆனால் தண்டை 24 செ.மீ. உயரத்தில் வெட்டினால் மேலும் கீழும் ஒரே பருமனில் முளைக்குச்சி போல நிற்கும். 8 அல்லது 10 செ.மீ. உயரத்தில் வெட்டி, அங்கிருந்து கிளம்பும் புதுக் கிளையொன்றை மேல்நோக்கி வளர்த்து மீதி உயரத்தை எட்டினால்தான் அடி பருத்து நுனி சிறுத்த மரத்தின் வடிவம் கிடைக்கும். இந்த வெட்டுக்குப் பலருக்கு மனம் வருவதில்லை. எனக்கும் முதலில் வரவில்லை. உயரமாக விட்டுவைத்த செடியை இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இடத்தில்தான் வெட்ட வேண்டியிருந்தது.

காகிதப்பூவின் மரம் மென்மையானது, ஈரம் புகுந்தால் எளிதில் மக்கும். வெட்டுவாயிலிருந்து கீழ்நோக்கிச் சிறிது தூரம் காய்ந்து பின்வாங்குவதும் இதன் இயல்பு. அதனால் நினைத்த இடத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலேயே கூரான ரம்பத்தால் வெட்டி, துளிர்கள் எங்கே உயிரோடு நிற்கின்றன என்று தெரிந்த பிறகு மீதியைச் சீராக்க வேண்டும். வெட்டுவாயைக் கத்தியால் வழவழப்பாக்கி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியைச் சிறிது தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். மாந்தோப்புக்காரர்கள் கவாத்துக்குப் பின் பூசும் போர்டோ பசையும் இதே வேலையைச் செய்யும். முட்கள் கூரானவை, தடித்த கையுறை கட்டாயம். வெட்டிய கிளைகளை எறிந்துவிடாமல் ஒரு சாண் நீளப் போத்துகளாக்கி மணலில் ஊன்றினால் சிலவாவது வேர் பிடிக்கும்.

மொட்டையாக நிற்கும் செடிக்கு இலை இல்லாததால் தண்ணீர்த் தேவை மிகக் குறைவு. மேல்மண் காய்ந்த பின்பே ஊற்ற வேண்டும்; இந்தக் கட்டத்தில் செடியைக் கொல்வது வறட்சியைவிடப் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிய தண்ணீர்தான். சில வாரங்களில் தண்டு முழுதும் செம்பழுப்புத் துளிர்கள் கிளம்பும். அவை விரல்நீளம் வளர்ந்ததும், உச்சிக்கு ஒன்று, பக்கங்களுக்கு மூன்று அல்லது நான்கு, வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு திசையில் இருப்பவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். வைத்துக்கொண்டவற்றை ஆடிவரை வெட்டவே கூடாது. கிளை நீண்டு ஓடினால்தான் அதன் அடி பருக்கும். வெட்டிக்கொண்டே இருந்தால் அடர்த்தி வரும், பருமன் வராது.

கோடையில் செடியைவிடத் தொட்டியைத்தான் காக்க வேண்டும். இந்தச் செடிக்கு முழு வெயில் தேவை. ஆனால் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் வெயிலில் மொட்டை மாடித் தரையில் வைத்த கருப்புப் பை சூடேறி, உள்ளே இருக்கும் வேர்கள் வெந்துவிடும். பையோடு செடியை அடியில் துளையுள்ள பெரிய சிமெண்ட் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்தத் தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மணல்மேல் ஈரக் கோணியைச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

மண்ணும் தண்ணீரும்

வேர் வேலைக்கு முன்பே மண் தயாராக இருக்க வேண்டும். நர்சரிச் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் சேறாகும். ஆழமில்லாத தொட்டியில் அது வேரை மூச்சுவிட விடாது. எங்கள் பக்கத்தில் செங்கல் சூளைகளுக்குக் குறைவில்லை என்பதால் உடைந்த செங்கல்லை வாங்கி, பட்டாணி அளவுக்கும் மிளகு அளவுக்கும் இடைப்பட்ட துண்டுகளாக நொறுக்கிச் சலித்துக்கொள்கிறேன். செங்கல் இரண்டு பங்கு, அதே அளவிலுள்ள கருங்கல் ஜல்லித் துகள் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலைத்தழை அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. செங்கல் துண்டு தனக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும், கருங்கல் நீரை வடியவிடும். மூன்றிலும் மாவுபோன்ற பொடியைச் சலித்து நீக்குவதே முக்கியம். அந்தப் பொடி உள்ளே போனால் எந்தக் கலவையும் சில மாதங்களில் சேறாகிவிடும். தென்னைநார்க் கழிவை இந்தக் கலவையில் சேர்ப்பதை நான் விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் அது நாட்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொள்கிறது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறியது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளிக்கும் அளவுக்கு இது பெரிய துயரமாக இருந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் சிறு தொட்டியில் ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும், இலை ஓரம் கருகும், நரம்பு பச்சையாகவே இருக்க இலை மஞ்சளாகும். மழைநீரைச் சேமிக்க முடிந்தவர்கள் அதை ஊற்றுங்கள். முடியாதவர்கள் வாரம் ஒருமுறை அடித்துளையில் நீர் நன்றாக ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். அடுப்புச் சாம்பல் போட்டால் பூக்கும் என்று சிலர் சொல்வார்கள். நம் தண்ணீரே காரத்தன்மை உடையது என்பதால் சாம்பல் அதை இன்னும் கெடுக்கும். இலையில் மஞ்சள் மிகுந்தால் உரக்கடையில் கிடைக்கும் செலேட்டட் இரும்புச் சத்தை அட்டையில் சொன்ன அளவில் இலைமேல் தெளிக்கலாம்.

ஆடியில் வேர்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது இந்த வேலைக்கும் பொருந்துகிறது. மாலை இடிமழையும் மேகமூட்டமும் வந்து காற்றில் ஈரம் கூடியிருக்கும். அன்று வேலையை மாலையில், நிழலில் செய்யுங்கள். வேர் பத்து நிமிடம் காற்றில் காய்ந்தாலும் கெடும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

பையைக் கத்தியால் கிழித்து எடுங்கள், இழுக்க வேண்டாம். காகிதப்பூவின் வேர் மற்றச் செடிகளின் வேரைப் போல நார்த்தன்மை உடையதன்று. கேரட்டைப் போல ஒடியும். ஆகையால் முள்கரண்டியாலோ கொக்கியாலோ வாராமல், குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். மண் கரைந்ததும் நேர்க்கீழாக இறங்கும் தடித்த வேர்களைக் கூரான கத்தரியால் வெட்டி, பக்கவாட்டில் விரியும் வேர்களையும் அவற்றில் உள்ள மெல்லிய வேர்களையும் காப்பாற்றுங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் முறை குறைக்க வேண்டாம். மீதியை அடுத்த மாற்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெட்டிய வேர்நுனிகளிலும் அதே காப்பர் பொடியைத் தொட்டுவைக்கலாம்.

நடுவதற்கு இப்போதே விலை உயர்ந்த போன்சாய்த் தட்டு வாங்காதீர்கள். 12 முதல் 15 செ.மீ. ஆழமும் நல்ல அகலமும் கொண்ட பிளாஸ்டிக் தொட்டியோ மண்தொட்டியோ போதும். அடியில் நான்கைந்து துளைகள் இருக்க வேண்டும். துளைகள்மேல் பிளாஸ்டிக் வலைத்துண்டு வைத்து, துளைவழியாக ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து, செடியை வைத்த பின் வேர்களின் குறுக்கே கட்டி அசையாமல் இறுக்குங்கள். காற்றில் செடி ஆடினால் புதிதாகக் கிளம்பும் வேர்நுனிகள் ஒடிந்துகொண்டே இருக்கும். நடவில் பலர் விடும் பிழை இது. கலவையை நிரப்பும்போது மூங்கில் குச்சியால் வேர்களுக்கிடையே குத்திக் குத்தி இறக்கி, வெற்றிடம் இல்லாமல் செய்யுங்கள். வேர் விரிவின் மேல்முகம் மண்ணுக்கு வெளியே சற்றே தெரியட்டும். நீளக் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, வடியும் தண்ணீர் தெளியும்வரை ஊற்றி, மூன்று வாரம் வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலிலிருந்து தொடங்கி முழு வெயிலுக்குக் கொண்டுபோகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் துண்டு வைத்துச் சாய்த்துவிட்டால் தண்ணீர் தேங்காது.

கிளைக்கு வடிவம்

அடுத்த தையில் கம்பி கட்டலாம். முற்றிய காகிதப்பூக் கிளை வளையாது, ஒடியும். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய, பென்சிலுக்குக் குறைந்த பருமனுள்ள கிளைதான் சொன்னபடி கேட்கும். கிளைப் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பியை, தண்டில் ஒரு சுற்று பிடிப்புக்குக் கொடுத்து, 45 டிகிரிச் சாய்வில் சீரான இடைவெளியில் சுற்றுங்கள். சுற்றி முடித்த பிறகே, கட்டைவிரலைத் தாங்கலாக வைத்து மெல்ல வளைக்க வேண்டும். முதல் நாள் தண்ணீரைக் குறைத்தால் கிளை சற்றுத் துவண்டு இசைந்து கொடுக்கும். தடித்த கிளையைக் கீழிறக்க வேண்டுமானால் கயிற்றால் கட்டித் தொட்டியின் விளிம்போடு பிணைத்து, வாரம் சிறிதாக இழுத்துக்கொண்டு வரலாம். நம் வெப்பத்தில் கிளை வேகமாகப் பருப்பதால் ஒன்றரை மாதத்துக்குள் கம்பி பட்டைக்குள் பதியக்கூடும். வாரந்தோறும் பார்த்து, பதியத் தொடங்கியதும் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். திருகிக் கழற்றினால் கிளை முறியும்.

என்ன வடிவம் தருவது என்பதற்கு ஜப்பானியப் பைன் மரப் படங்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்றுதான் பொருள். தட்டில் எந்த ஊர் மரமும் நிற்கலாம். குடியாத்தம், ஆற்காடு பக்கச் சாலைகளில் நிற்கும் முதிய புளியமரத்தின் கீழ் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அடி அகன்று முண்டும் முடிச்சுமாக இருக்கும், தாழ்ந்த கிளை கிடைமட்டமாக வெளியே ஓடும், உச்சி குவிமாடமாக வட்டமிடும், சில மரங்களில் தண்டிலேயே பொந்து இருக்கும். காகிதப்பூவின் பெரிய வெட்டுக்காயம் எளிதில் மூடாது. அந்த இடத்தை உளியால் குடைந்து, தண்ணீர் தேங்காமல் வெளியே வழியுமாறு சரிவு கொடுத்து, சுண்ணாம்பு கலந்த கந்தகம் பூசினால் புளியமரப் பொந்தைப் போலவே அமைந்துவிடும்.

பூ

மரத்தின் உருவம் அமையும்வரை, அதாவது முதல் இரண்டு ஆண்டுகள், பூவுக்காக எதையும் செய்ய வேண்டாம். அந்தக் காலத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் வீதம் கரைத்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் நல்லதே, ஆனால் சிறு தொட்டியில் எறும்பும் நாற்றமும் வரும். மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

மூன்றாம் ஆண்டு ஆடியில் நிரந்தரத் தட்டுக்கு மாற்றலாம். தட்டின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும். ஆழம் அடிமரத்தின் பருமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் எங்கள் வெயிலைத் தாங்கும். கரிகிரி மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர்; குயவரிடம் அளவு சொல்லித் துளைகளோடு செய்யக் கேட்பதை நான் விரும்புகிறேன். மண்ணின் சிவப்பிலும் கருப்பிலும் ரோசா நிறப் பூ நன்றாக எடுத்துக்காட்டும்.

இந்தச் செடி புதிதாக வளரும் தளிரின் நுனிப்பக்கமாகப் பூக்கும். பகல் குறைந்த நாட்களும் வேரில் வறட்சியும் அதைத் தூண்டும். ஆகவே மார்கழிக் கடைசியில், மழை நின்றதும், எல்லாக் கிளைகளையும் இரண்டு மூன்று கணுக்கள் விட்டு வெட்டிவிட்டு, அதன் பிறகு கத்தரியை எடுத்து வைத்துவிட வேண்டும். அழகுக்காக நுனியைக் கிள்ளிக்கொண்டே இருப்பவர்களின் மரம் பூக்காததற்குக் காரணம், பூ வரவேண்டிய நுனியையே அவர்கள் எடுத்துவிடுவதுதான். புதுத் தளிர் விரல்நீளம் ஆனதும் தழைச்சத்து உரத்தை நிறுத்தி, இலை சற்றே தொங்கும்வரை தண்ணீரைத் தள்ளிப்போட்டு, தொங்கியதும் அன்றே நிறைய ஊற்றுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்தால் இலைக்கணுக்களில் நிறமேறிய மொட்டுகள் தெரியும். இலை தொங்கிய பிறகும் ஒரு நாள் பொறுத்தால் சிறு தொட்டியில் கிளையே காய்ந்துவிடும் என்பதால், அந்த வாரங்களில் காலையும் மாலையும் மரத்தைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். மொட்டு தெரிந்ததும் தண்ணீரை வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பூவடிச் செதில்கள் வெளுத்து உதிரத் தொடங்கிய நாளில் அவற்றைக் கொத்தோடு நறுக்கி, கிளைகளை மறுபடியும் இரண்டு கணுவுக்குக் குறைத்து, நிறுத்திவைத்த உரத்தைத் தொடங்குங்கள்.